ஜே-ஸீ பாட்டால் பணக்காரர் ஆனாரா, பாட்டை வைத்துப் பணக்காரர் ஆனாரா?

"ஹிப்-ஹாப் பாடகர் ஜே-ஸீ பில்லியனர் என்கிறார்கள். ராப் பாடி அவ்வளவு சம்பாதிக்க முடியுமா? இல்லை, அந்த மனிதருக்கு நிஜமாகவே பெரிய தொலைநோக்கு இருந்ததா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பணம் எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. அது திட்டமிட்டு நடந்ததா, போகப்போக அமைந்ததா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஓரளவு உறுதியாகவே பதில் சொல்லலாம். இரண்டாவதில் நான் சொல்லப்போவது என் கணிப்புதான். பாடகர்களுக்கும் இசைக் கம்பெனிகளுக்கும் நடுவே ராயல்டி கணக்குகளைச் சரிபார்ப்பது பல வருடங்களாக என் தொழில். அதனால் பெரும்பாலும் எல்லோரும் தாண்டிப்போகும் ஒப்பந்த விஷயங்களில் நான் கொஞ்சம் கூடுதலாகவே நிற்பேன்.

முதலில் பணம். 2019-ல் ஃபோர்ப்ஸ் பத்திரிகை அவரை ஹிப்-ஹாப் உலகின் முதல் பில்லியனர் என்று அறிவித்தபோது, எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டியது. அர்மான் டி பிரின்யாக் என்ற ஷாம்பெயின் பிராண்ட் 31 கோடி டாலர். ரொக்கமும் முதலீடுகளும் 22 கோடி. அதற்குள் ஊபர் பங்குகள் மட்டும் 7 கோடி. டூஸே என்ற கோன்யாக் மது 10 கோடி, டைடல் என்ற இசைச் செயலி 10 கோடி, ராக் நேஷன் என்ற அவருடைய பொழுதுபோக்குக் கம்பெனி ஏழரைக் கோடி, ஓவியங்கள் 7 கோடி, வீடுகள் 5 கோடி. அவர் பாடிய அத்தனை பாட்டுகளின் உரிமைக்கும் சேர்த்து ஏழரைக் கோடி டாலர். சுமார் 100 கோடி டாலர் சொத்தில் பாட்டின் நேரடிப் பங்கு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இவை ஒரு பத்திரிகையின் மதிப்பீடுகள், தணிக்கை செய்த கணக்குகள் இல்லை. ஆனாலும் எது பெரிது, எது சிறிது என்ற வரிசை ஏறக்குறைய சரியாகத்தான் இருக்கும்.

ஆக, பாடி மட்டும் அவர் பில்லியனர் ஆகவில்லை. ஆனால் பாட்டு இல்லாமல் அந்தப் பட்டியலில் இருக்கும் மற்ற எதுவும் வந்திருக்காது. என் பார்வையில் விஷயம் இதுதான்: ஹிப்-ஹாப் பாடகர்கள் வாயால் பெயர் சொன்ன பொருளெல்லாம் விற்றது, லாபம் வேறு யாருக்கோ போனது. ஜே-ஸீ அந்த லாபத்தில் கூலி கேட்கவில்லை, பொருளையே சொந்தமாக்கிக்கொள்ளப் பார்த்தார். அவருடைய தொழில் வாழ்க்கை முழுக்க இந்த ஒரே நகர்வு திரும்பத் திரும்ப வருகிறது.

இதற்கு அவர் பிறந்த கலாசாரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுவது 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூவில் 1520-ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தில் சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஒரு பார்ட்டி வைத்தாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் புதுத் துணி வாங்கப் பணம் வேண்டும் என்பதுதான் காரணம். பெண்களுக்கு 25 சென்ட், பையன்களுக்கு 50 சென்ட் என்று நுழைவுக் கட்டணம். இசைத்தட்டு சுழற்றியது அவளுடைய அண்ணன், டி.ஜே. கூல் ஹெர்க். ஒரு பாட்டில் எல்லோரும் ஆடத் தவிக்கும் அந்தத் தாளப் பகுதியை மட்டும் இரண்டு தட்டுகளில் மாற்றி மாற்றி நீட்டிக்கும் அவருடைய வித்தையிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. இந்தக் கதையில் எனக்கு எப்போதும் பிடித்தது அந்தப் புதுத் துணிதான். பணமும் உடையும் இந்தக் கலைக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை இல்லை, முதல் நாளிலேயே உள்ளே இருந்தவை. கையில் ஒன்றும் இல்லாத பிள்ளைகளுக்குக் காலில் போடும் ஷூவும் தலையில் வைக்கும் தொப்பியும்தான் 'நானும் ஒரு ஆள்' என்று காட்டும் வழி. அதை வெறும் பகட்டு என்று ஒதுக்குகிறவர்களுக்கு இந்தக் கலாசாரம் பிடிபடாது.

இதைத் தொழிலாக முதலில் கண்டுகொண்டது ஜே-ஸீ இல்லை. 1980களின் நடுவில் ரன்-டிஎம்சி குழு அடிடாஸ் ஷூக்களைக் கயிறு கட்டாமல் போட்டுக்கொண்டு மேடை ஏறியது. அந்த ஷூவைப் பற்றியே ஒரு பாட்டும் பாடியது. 1986-ல் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்தில், "உங்கள் ஷூவைத் தூக்கிக் காட்டுங்கள்" என்று அவர்கள் சொல்ல, ஆயிரக்கணக்கான கைகள் அடிடாஸ் ஷூவோடு மேலே போயின. அந்தக் கம்பெனியின் அதிகாரி ஒருவர் அதைக் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரை வரவழைத்தது குழுவின் தரப்புதான். சுமார் பத்து லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. குழுவின் மேலாளர் ரஸ்ஸல் சிம்மன்ஸ் அதில் பாடம் கற்றுக்கொண்டு 1992-ல் ஃபேட் ஃபார்ம் என்ற சொந்த ஆடை பிராண்டைத் தொடங்கி, 2004-ல் 14 கோடி டாலருக்கு விற்றார். (2017 முதல் பல பெண்கள் அவர்மீது பாலியல் குற்றச்சாட்டுகள் வைத்தார்கள், அவர் மறுத்துவருகிறார். அவர் பெயரைப் பாராட்டும் இடத்தில் இதையும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.) எனவே 'ஹிப்-ஹாப்பில் வியாபாரத்தைக் கண்டுபிடித்தவர் ஜே-ஸீ' என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. அவர் வந்தபோது பாதை ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது.

ஷான் கார்ட்டர் என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1969-ல் பிறந்தவர். புரூக்ளினில் மார்சி ஹவுசஸ் என்ற அரசுக் குடியிருப்பில் வளர்ந்தார். இளமையில் போதைப்பொருள் விற்றதை அவரே பாட்டிலும் பேட்டியிலும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். பெரிய லேபிள், அதாவது பாட்டை வெளியிடும் இசைக் கம்பெனி, எதுவும் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் 1990களின் நடுவில் டேமன் டாஷ், கரீம் பர்க் என்ற இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ராக்-அ-ஃபெல்லா என்று சொந்த லேபிள் தொடங்கினார். காரில் வைத்து விற்கும் நிலையிலிருந்து கிளம்பியவர்கள் அவர்கள். முதல் ஆல்பமான 'ரீசனபிள் டவுட்' 1996-ல் வந்தது. அதை வெளியிட்டது அவர்கள் லேபிள், கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது பிரையாரிட்டி என்ற விநியோகக் கம்பெனி. 1997-ல் லேபிளின் பாதிப் பங்கை டெஃப் ஜாம் என்ற பெரிய லேபிள் வாங்கியது. விலை 15 லட்சம் டாலர் என்று அன்றைய செய்திகள் சொல்கின்றன.

இந்த இடத்தில்தான் நான் நிற்க வேண்டும் என்று சொன்னேன். 'லேபிள் எடுத்துக்கொள்ளவில்லை, அதனால் சொந்தமாகத் தொடங்கினார்' என்பதை எல்லோரும் தன்னம்பிக்கைக் கதையாகச் சொல்வார்கள். கணக்குப் பார்க்கிறவனுக்கு அது வேறு மாதிரி தெரியும். சாதாரண ஒப்பந்தத்தில் லேபிள் பாடகருக்கு அட்வான்ஸ் தருகிறது, ஸ்டுடியோ செலவைத் தருகிறது, வீடியோ செலவில் ஒரு பகுதியைத் தருகிறது. இதில் பெரும்பகுதி பாடகரின் ராயல்டியிலிருந்து கழிக்கப்படும். எல்லாம் கழிந்த பிறகும் ஒலிப்பதிவின் உரிமை, அதாவது மாஸ்டர், லேபிளிடமே இருக்கும். ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறேன். கடைக்காரருக்கு லேபிள் கொடுக்கும் சிடி விலை 10 டாலர், பாடகரின் ராயல்டி 12 சதவீதம், அவர் பேரில் எழுதப்பட்ட செலவு 5 லட்சம் டாலர் என்று வையுங்கள். ஒரு சிடிக்கு அவர் பங்கு 1.20 டாலர். கடன் அடைய நாலு லட்சத்துக்கும் மேல் சிடி விற்க வேண்டும். அதற்குள் லேபிளின் கல்லாவில் 40 லட்சம் டாலருக்கு மேல் விழுந்திருக்கும். பாடகருக்கு அட்வான்ஸைத் தவிர ஒரு காசு வந்திருக்காது. அதே பாடகர் லேபிளைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, விநியோகத்துக்கு 20 சதவீதமும் சிடி அச்சடிக்க ஒரு டாலரும் கொடுத்தால், ஒரு சிடிக்கு 7 டாலர் மிஞ்சும். எழுபதாயிரத்துச் சொச்சம் விற்றாலே செலவு அடைந்துவிடும், மாஸ்டரும் அவரிடமே இருக்கும். ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் எண்கள் மாறும், விகிதத்தின் போக்கு மாறாது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. டிஎல்சி என்ற பெண்கள் குழு, அமெரிக்காவின் மிகப் பெரிய ஹிட் பாட்டுகளைக் கையில் வைத்திருந்த 1995-ஆம் ஆண்டிலேயே திவால் மனு போட்டது. கோடிக்கணக்கில் விற்ற ஆல்பம், கடனில் பாடகிகள். கேட்பவர்கள் ஏதோ ஊதாரித்தனம் என்று நினைப்பார்கள். ஒப்பந்தத்தைப் படித்தால் காரணம் அதிலேயே இருக்கும். இதே காலத்தில் நியூ ஆர்லியன்ஸின் மாஸ்டர் பி, தாத்தாவின் மறைவுக்குப் பின் குடும்பத்துக்குக் கிடைத்த இழப்பீட்டில் தன் பங்காக வந்த சுமார் 10,000 டாலரை வைத்து, கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் நகரில் ஒரு இசைத்தட்டுக் கடை போட்டார். வாடிக்கையாளர் என்ன கேட்டு வருகிறார் என்பதைக் கல்லாவில் உட்கார்ந்தே கற்றுக்கொண்டார். அதன்பின் நோ லிமிட் என்ற லேபிள். 1996-ல் அவரும் பிரையாரிட்டியோடுதான் விநியோக ஒப்பந்தம் போட்டார். விற்பனையில் 85 சதவீதம் தனக்கு, 15 சதவீதம் விநியோகத்துக்கு, மாஸ்டர் தன்னிடமே என்பதுதான் அந்த ஒப்பந்தம் பற்றிப் பல காலமாகச் சொல்லப்படும் கணக்கு. ஒப்பந்தத் தாளை வெளியில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் காலத்தில் நோ லிமிட் காட்டிய வேகத்தைப் பார்த்தால் நம்பக்கூடியதே. உரிமை விஷயத்தில் ஜே-ஸீயைவிட மாஸ்டர் பி-தான் கறாரானவர் என்பது என் எண்ணம். ஜே-ஸீ முதல் ஆல்பம் வந்த அடுத்த வருடமே பாதியை விற்றுவிட்டார், பிறகு பல வருடம் உழைத்துத்தான் அதை மீட்க வேண்டியிருந்தது.

எப்படி மீட்டார் என்பதும் கவனிக்க வேண்டியது. 2004-ல் ராக்-அ-ஃபெல்லாவின் மீதிப் பாதியும் டெஃப் ஜாமுக்குப் போனது, சுமார் ஒரு கோடி டாலருக்கு. கூடவே ஜே-ஸீ அதே டெஃப் ஜாமின் தலைவராக வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் பேரத்தில் அவர் கேட்டு வாங்கிய முக்கியமான விஷயம் சம்பளம் இல்லை, தன் மாஸ்டர்கள் பத்து வருடத்தில் தன்னிடம் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனைதான் என்று பரவலாகச் செய்தி வந்தது. மூன்று வருடம் அந்த நாற்காலியில் இருந்தார். ரிஹானாவை டெஃப் ஜாம் எடுத்தது அவர் காலத்தில்தான். அப்புறம் 2008-ல் லைவ் நேஷன் என்ற கச்சேரிக் கம்பெனியோடு பத்து வருடத்துக்கு 15 கோடி டாலர் அளவிலான ஒப்பந்தம் போட்டு ராக் நேஷனைத் தொடங்கினார். சிடி விற்பனை சரிந்து கச்சேரி வருமானம் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. சரியான இடத்தில் காலை எடுத்து வைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

மாஸ்டருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று கேட்டால், நம் ஆட்கள் தொடர்புடைய ஒரு உதாரணமே இருக்கிறது. 2008-ல் டி.ஐ. என்ற ராப்பர், ஜே-ஸீ, கான்யே வெஸ்ட், லில் வெய்ன் மூவரையும் சேர்த்துக்கொண்டு ஒரு பாட்டு வெளியிட்டார். அது முழுக்க இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த எம்.ஐ.ஏ. பாடிய ஒரு வரியின் மேல் கட்டப்பட்டது. அடுத்த வருடம் கிராமி மேடையில், பிரசவ நாள் நெருங்கிய நிறைமாத வயிற்றோடு அவர் அந்த நால்வரோடும் ஏறிப் பாடியதைப் பலர் பார்த்திருப்பீர்கள். எம்.ஐ.ஏ.வின் அந்தப் பாட்டே த கிளாஷ் என்ற பிரிட்டிஷ் குழுவின் பழைய பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டது. ஒருவர் குரலை இன்னொருவர் எடுத்தாளும்போது இரண்டு அனுமதிகள் வேண்டும். ஒலிப்பதிவை வைத்திருப்பவரிடம் ஒன்று, பாட்டை எழுதியவர்களின் உரிமையை வைத்திருப்பவரிடம் இன்னொன்று. இரண்டுக்கும் பணம் உண்டு. இருபது வருடத்துக்கு முன் பாடிய ஒரு வரி இன்று யாருக்குப் பணம் தருகிறது என்பதை அன்று போட்ட கையெழுத்துதான் தீர்மானிக்கிறது.

இனி துணி. 1990களின் இறுதியில் ஜே-ஸீ ஐஸ்பெர்க் என்ற இத்தாலிய ஆடைகளை விரும்பிப் போட்டார், பாட்டிலும் பெயர் சொன்னார். கச்சேரிக்கு வருகிறவர்கள் உடம்பில் எல்லாம் ஐஸ்பெர்க். அவரும் டாஷும் அந்தக் கம்பெனிக்குப் போய், உங்கள் விற்பனையை நாங்கள் ஏற்றிக்கொண்டிருக்கிறோம், ஏதாவது ஒப்பந்தம் பேசலாம் என்றார்கள். இலவசமாகச் சில துணிகள் தருகிறோம் என்ற அளவில்தான் பதில் வந்தது. திரும்பி வந்தவர்கள் தங்கள் அலுவலகத்திலேயே தையல் மெஷின் வாங்கிப் போட்டார்கள். பாட்டுக் கம்பெனிக்குள் தைக்கத் தெரியாதவர்கள் நடத்திய தையல் கடை அது, சட்டைகள் சரியாக வரவில்லை. சிம்மன்ஸிடம் யோசனை கேட்டு, ஆடைத் தொழிலில் ஊறிய கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் 1999-ல் ராக்காவேர் உருப்படியான பிராண்ட் ஆனது. 2005-ல் டாஷின் பங்கை வாங்கி அவரை வெளியேற்றினார்கள். 2007-ல் அந்தப் பெயரின் உரிமையை ஐகானிக்ஸ் என்ற கம்பெனி 20.4 கோடி டாலர் ரொக்கத்துக்கு வாங்கியது. வாங்கிய கம்பெனி பிற்பாடு தன் கணக்கில் அந்த பிராண்டின் மதிப்பை வெகுவாகக் குறைத்து எழுத வேண்டி வந்தது. பையன்கள் தொளதொள ஜீன்ஸை விட்டுவிட்டு வேறு பக்கம் போய்விட்டார்கள். இந்த விற்பனையில் கூட்டாளிகளைத் தேர்ந்ததற்கும் நேரத்தைத் தேர்ந்ததற்கும் அவருக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

ஷாம்பெயின் கதை இதே கதைதான், எண்கள் மட்டும் பெரிது. பல வருடம் ராப் பாட்டுகளில் கிரிஸ்டல் என்ற ஷாம்பெயின் பெயர் புரண்டது. 2006-ல் அதைத் தயாரிக்கும் லூயி ரொடெரெர் நிறுவனத்தின் தலைவர் ஃபிரெடெரிக் ரூஸோவிடம், ராப் உலகத்தின் இந்தத் தொடர்பு உங்கள் பெயரைப் பாதிக்குமா என்று எகானமிஸ்ட் பத்திரிகை கேட்டது. வாங்குகிறவர்களை நாங்கள் தடுக்க முடியாதே என்ற தொனியில் அவர் பதில் சொன்னார். ஜே-ஸீ அதை இனவெறியாக எடுத்துக்கொண்டு, தன் 40/40 கிளப்களிலிருந்து கிரிஸ்டலை நீக்கினார். சில மாதங்களில் வந்த அவருடைய வீடியோ ஒன்றில், பரிமாற வந்த கிரிஸ்டலை வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, சீட்டுக்கட்டின் ஸ்பேட் சின்னம் போட்ட ஒரு தங்க நிற பாட்டிலை எடுத்துக்கொண்டார். அதுதான் அர்மான் டி பிரின்யாக். பிரான்ஸில் தலைமுறைகளாக ஷாம்பெயின் செய்யும் கத்தியே குடும்பம் தயாரித்து, சாவரின் பிராண்ட்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி விற்றது. அந்த வீடியோ வந்தபோதே அவருக்கு அதில் பங்கு இருந்ததா என்பது இன்றுவரை ஊகமாகவே பேசப்படுகிறது. சாவரின் வைத்திருந்ததை அவர் தரப்பு வாங்கியது 2014-ல் என்பது மட்டும் வெளிப்படையான செய்தி. 2021-ல் உலகின் மிகப் பெரிய ஆடம்பரப் பொருள் நிறுவனமான எல்விஎம்எச் அதில் 50 சதவீதம் வாங்கியது. முழுவதையும் விற்காமல் பாதியை மட்டும் விற்றார் என்பதைக் கவனியுங்கள். உலகம் முழுக்கக் கொண்டுசேர்க்கும் வலை அவர்களிடம், பெயரும் மீதிப் பாதியும் இவரிடம். பகார்டி கம்பெனியோடு 2012-ல் தொடங்கிய டூஸேயிலும், மதிப்பு எவ்வளவு என்று வழக்குவரை போய், 2023-ல் பெரும்பங்கை பகார்டிக்கே விற்றார். அதிலும் ஒரு பங்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் என் மனதில் இருக்கும் ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் செல்வத்தில் மதுவின் பங்கு மிகப் பெரியது. வறுமையிலிருந்து வந்த ஒரு கறுப்பின மனிதர் பிரெஞ்சு ஆடம்பர முதலாளிகளோடு சமமாக உட்கார்ந்தார் என்று ஒரு பக்கம் மகிழலாம். அவர் குரலை நம்பிய ஏழைப் பிள்ளைகளிடம் பல நூறு டாலர் பாட்டிலைக் கனவாக விற்றார் என்று இன்னொரு பக்கம் வருந்தவும் செய்யலாம். இரண்டும் உண்மை என்றே நினைக்கிறேன். ஒன்றுக்காக மற்றதை மறைக்க எனக்குக் காரணம் இல்லை.

பங்கு சிறிதாக இருந்தும் முகம் பெரிதாகத் தெரிந்த இடமும் உண்டு. நெட்ஸ் கூடைப்பந்து அணியை நியூஜெர்சியிலிருந்து புரூக்ளினுக்குக் கொண்டுவந்த திட்டத்தில் அவர் பெயர் எல்லா இடத்திலும் இருந்தது. 2012-ல் பார்க்லேஸ் சென்டர் அரங்கம் திறந்தபோது தொடர்ந்து எட்டுக் கச்சேரிகள் அவருடையவை. அவர் வளர்ந்த மார்சி குடியிருப்பிலிருந்து சில கிலோமீட்டரில் அந்த அரங்கம். அணியில் அவர் பங்கோ ஒரு சதவீதத்தில் பத்தில் ஒன்றைக்கூடத் தொடாதது என்று செய்திகள் சொல்கின்றன. அடுத்த வருடமே விளையாட்டு வீரர்களுக்கு ஏஜென்டாகப் போவதற்காக அதையும் விற்றுவிட்டார், ஏனென்றால் அணியில் பங்கு உள்ளவர் ஏஜென்டாக இருக்கக் கூடாது. பணத்துக்காக அல்ல, அணி உரிமையாளர்கள் வட்டத்துக்குள் நுழைவதற்காகவே அவர் அதை வாங்கியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

சாம்சங் கதையும் சொல்ல வேண்டும். 2013-ல் தன் புது ஆல்பத்தின் பத்து லட்சம் பிரதிகளை, ஒன்று 5 டாலர் என்று, வெளியாகும் முன்பே சாம்சங்குக்கு விற்றார். சாம்சங் அதைத் தன் ஃபோன் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. ஆக, ஒரு ரசிகர்கூடக் காசு கொடுக்கும் முன்பே 50 லட்சம் டாலர் வந்துவிட்டது. இசை விற்பனைத் தரவரிசையை வெளியிடும் பில்போர்ட் பத்திரிகை அந்தப் பிரதிகளை விற்பனையாகக் கணக்கில் எடுக்க மறுத்தது. அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கமோ, பத்து லட்சம் பிரதிகளுக்குத் தரும் பிளாட்டினம் தகுதிக்கான விதியையே மாற்றிக்கொண்டது.

டைடல்தான் என்னைக் குழப்புவது. 2015-ல் 5.6 கோடி டாலருக்கு அஸ்பீரோ என்ற நார்டிக் கம்பெனியை வாங்கி, பெரிய பாடகர்களைப் பங்குதாரர்களாக்கி, 'கலைஞர்களே நடத்தும் சேவை' என்று மேடை போட்டு அறிவித்தார். ஸ்பாட்டிஃபைக்கு அருகில்கூட அது வரவில்லை. அப்படியும் 2021-ல் அவருடைய நண்பர் ஜாக் டோர்ஸியின் ஸ்கொயர் என்ற பணப் பரிமாற்றக் கம்பெனி அதன் பெரும்பங்கை சுமார் 30 கோடி டாலருக்கு வாங்கியது. ஸ்கொயரின் பங்குதாரர்கள் வழக்குப் போட்டார்கள். 2023-ல் டெலவேர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. தள்ளுபடி செய்த நீதிபதியே, பார்க்கப்போனால் இது மோசமான வியாபார முடிவுதான், ஆனால் சுதந்திரமான இயக்குநர் குழு மோசமான முடிவை எடுக்கவும் சட்டத்தில் இடம் உண்டு என்ற பொருளில் எழுதினார். பொருளாகப் பார்த்தால் தோல்வி, முதலீடாகப் பார்த்தால் லாபம். இதைத் தொலைநோக்கு என்று நான் சொல்ல மாட்டேன். அவர் பெயருக்கும் நட்புக்கும் கிடைத்த விலை என்றுதான் சொல்வேன்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. தொலைநோக்கு இருந்ததா? இருபது வயதில் அவர் மனதில் ஷாம்பெயினும் கூடைப்பந்தும் இருந்தன என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஒவ்வொரு அடியும் ஒரு மறுப்பிலிருந்து பிறந்திருக்கிறது. லேபிள்கள் மறுத்தன, லேபிள் வந்தது. ஐஸ்பெர்க் மறுத்தது, ராக்காவேர் வந்தது. கிரிஸ்டல் அவமதித்தது, தங்க பாட்டில் வந்தது. மறுப்பு எல்லோருக்கும் வரும். அதற்கு அவர் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பதில் கொடுத்ததில்தான் என் மதிப்பு இருக்கிறது. காலமும் கூட நின்றது. 1990களின் இறுதியில் அமெரிக்காவில் சிடி விற்பனை உச்சத்தில் இருந்தது, ஹிப்-ஹாப் வெள்ளையர் வீடுகளின் வரவேற்பறைவரை போய்ச் சேர்ந்திருந்தது. அதே அலையில் ஏறியவர்களில் விழுந்தவர்களும் நிறைய. எம்.சி. ஹேமர் 1996-ல் திவாலானார். நோ லிமிட் லேபிள் 2003-ல் திவால் பாதுகாப்பு கேட்டது. வைட்டமின்வாட்டர் பானத்தில் பங்கு வாங்கிப் பெரும் லாபம் பார்த்த 50 சென்ட்கூட 2015-ல் திவால் மனு போட்டார். ஜெயித்த ஒருவரை மட்டும் எடுத்து, அவர் செய்ததையெல்லாம் சூத்திரமாக்கினால் கணக்கு தப்பாகிவிடும்.

இன்னொன்று, அந்தத் தொலைநோக்கு ஒருவருடையது மட்டும் இல்லை. தொடக்க வருடங்களைப் பார்த்தவர்கள் பலரும், துணி, படம், மது என்று எல்லாவற்றிலும் நாமே முதலாளி ஆக வேண்டும் என்று சத்தம் போட்டவர் டேமன் டாஷ்தான் என்பார்கள். கதவைத் தட்டித் திறந்தது அவர், திறந்த கதவுக்குள் போய் நிதானமாக உட்காரத் தெரிந்தவர் ஜே-ஸீ என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒப்பந்தம் பேசும் மேசையில் அந்த நிதானத்துக்கு இருக்கும் விலையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். லேபிள் டெஃப் ஜாமுக்குப் போய், அவர்கள் பிரிந்த பிறகும், ராக்-அ-ஃபெல்லா இன்க். என்ற தனி நிறுவனத்தில் மூன்றில் ஒரு பங்கு டாஷின் பெயரிலேயே இருந்தது. அந்த நிறுவனத்திடம் சொத்து என்று சொல்லும்படி மிஞ்சியிருந்தது 1996-ல் வந்த அந்த முதல் ஆல்பத்தின் உரிமைதான். டாஷ் கொடுக்க வேண்டியிருந்த கடன்களுக்காக 2024 நவம்பரில் அந்தப் பங்கு நீதிமன்ற உத்தரவுப்படி ஏலத்துக்கு வந்தது. நியூயார்க் மாநில அரசு அதைப் பத்து லட்சம் டாலருக்கு எடுத்தது.